ஐந்து மூலமும் ஐந்து குத்தும்

ஐந்து என்னும் எண்ணுக்கு மக்கள் மனத்தில் நெடுங்காலமாக ஒரு தனியாட்சி நடந்து வருகின்றது. நம் முன்னோர் உலகத்தை நிலம், நீர், தீ, வளி, விசும்பு என ஐந்தாகப் பகுத்தனர், திணையை ஐந்தென்றனர், புலனை ஐந்தென்றனர். நம் அண்டை வீட்டாராகிய சீனரும் ஐந்தையே கைக்கொண்டனர். ஆயின் அவர் கொண்ட ஐந்து வேறு. மரம், தீ, மண், உலோகம், நீர் என்பன அவை. வளியும் விசும்பும் அவர் பட்டியலில் இல்லை. மரமும் உலோகமும் நம் பட்டியலில் இல்லை. உலகம் ஒன்றாயிருக்க, அதன் மூலங்கள் மட்டும் நாட்டுக்கு நாடு மாறுபடுவானேன் என்று கேட்பதே அறிவின் முதற்படியாகும்.

இக்கேள்வியை இங்கே எழுப்புவதற்குக் காரணம் உண்டு. மலாக்கா மாநிலத்து ஜாசின் மாவட்டத்திலுள்ள நம் செலண்டார் போன்ற சிற்றூர்களில் சீனரும் தமிழரும் பல தலைமுறையாகக் கூடி வாழ்பவர்கள். 1896ஆம் ஆண்டில் தான் சாய் யான் என்னும் சீனர் மலாக்காவிலே ரப்பர்த் தோட்டம் தொடங்கினார். அதன் பின்னர் இப்பக்கத்தில் எழுந்த பல தோட்டங்களில் பால்மரம் வெட்டியோர் தமிழர். இவ்வாறு கலந்து வாழ்ந்தும் ஒருவர் வித்தையை மற்றவர் அறிந்தது சிறிதே. நம் பிள்ளைகள் கோயில் திருவிழாவில் சிலம்பம் சுழற்றுவதைச் சீனர் வேடிக்கை பார்ப்பர். அவர் பிள்ளைகள் சிங்க ஆட்டத்துக்கு முன் குத்துவரிசை போடுவதை நாம் வேடிக்கை பார்ப்போம். பார்த்துவிட்டு, “அது பஞ்சபூதக் குத்து; அதற்கு மாற்றில்லை” என்று லயத்துத் திண்ணையிலே பேசிக்கொள்வோம். குத்துவது பூதமா, மனிதனா என்று ஆராய்வார் இலர். அவ்வாராய்ச்சியை ஈண்டு மேற்கொள்வோம். அது சீனரைப் பற்றிய ஆராய்ச்சியாகத் தொடங்கினும், நம்மைப் பற்றிய ஆராய்ச்சியாகவே முடியும்.

சீன மொழியில் இவ்வைந்தினையும் “ஊ சிங்” என்பர். “ஊ” என்பது ஐந்து. “சிங்” என்பது நடத்தல், செல்லுதல். ஆகவே பூதம் என்னும் சொல் இதற்கு முற்றும் பொருந்தாது. “ஐந்து நடை” என்பதே நேரான மொழிபெயர்ப்பு. ஷூ ஜிங் என்னும் பழைய ஆவணத் தொகுதியில் பெருந்திட்டம் என்றொரு பகுதி உண்டு. நீர் நனைத்துக்கொண்டு கீழ்நோக்கும், தீ எரிந்து மேல்நோக்கும், மரம் வளையவும் நிமிரவும் வல்லது, உலோகம் உருக்கி வார்த்த வடிவை ஏற்கும், மண் விதையை ஏற்று விளைவைத் தரும் என்ற கருத்து அதிலே காணப்படுகின்றது. இதில் மறைபொருள் ஒன்றுமில்லை. உழவனும் கொல்லனும் தச்சனும் நாள்தோறும் கண்ட உண்மை இது. வேலை செய்யும் மனிதன் பொருள்களின் இயல்பை வகுத்து வைத்த பட்டியல் என்று இதனைக் கூறலாம்.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ட்ஸோ யென் என்னும் அறிஞர் இப்பட்டியலை எடுத்து அரசியலில் ஏற்றினார். ஒரு மூலம் மற்றொரு மூலத்தை வெல்லுவது போலவே ஓர் அரச மரபு மற்றொரு மரபை வெல்லுகின்றது என்றார். நீர் தீயை அவிக்கும். தீ உலோகத்தை உருக்கும். உலோகம் மரத்தை வெட்டும். மரம் மண்ணைப் பிளக்கும். மண் நீரைத் தடுக்கும் என்பது வெல்லும் சுழற்சி. உலோகத்தினின்று நீர், நீரினின்று மரம், மரத்தினின்று தீ, தீயினின்று மண், மண்ணினின்று உலோகம் தோன்றும் என்பது பிறக்கும் சுழற்சி. கி.மு. 221இல் சீனத்தை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த சின் பேரரசன், தனக்கு முந்திய சோ மரபு தீ என்றும் தான் நீர் என்றும் சாற்றிக்கொண்டான். நீருக்குரிய நிறம் கருமை என்று கொடிகளையும் உடைகளையும் கருமையாக்கினான். நீருக்குரிய எண் ஆறு என்று தலையணியை ஆறு அங்குலமாகவும் வண்டியை ஆறடியாகவும் அளந்தான். இத்தனை செய்தும் அவன் மரபு கி.மு. 206க்குமேல் நிலைக்கவில்லை. பதினைந்தே ஆண்டில் நீர் வற்றிப்போயிற்று! ஆயினும் கோட்பாடு வற்றவில்லை. பின்வந்த ஹான் மரபின் காலத்தில் அது மருத்துவம், சோதிடம், இசை, உணவு ஆகிய எல்லாத் துறையிலும் புகுந்தது.

சீன அறிவுலகம் முழுவதும் இதனைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றது என்று வாசகர் எண்ணிவிட வேண்டா. ஸுன் ட்சு பெயரால் வழங்கும் போர்நூல், ஐந்தில் எதுவும் எக்காலத்தும் வெல்வதில்லை என்று தெளிவாகக் கூறுகின்றது. மோ ட்சுவின் வழிவந்தோர் இன்னும் நுட்பமாக ஆராய்ந்தனர். தீ மிகுந்திருந்தால் உலோகம் உருகும். உலோகம் மிகுந்திருந்தால் தணல் நொறுங்கிப்போம். எனவே வெற்றி அளவைப் பொறுத்ததே அன்றிப் பெயரைப் பொறுத்ததன்று என்பது அவர் முடிபு. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த வாங் சுங் என்னும் பகுத்தறிவாளர் எள்ளி நகையாடியே விட்டார். சோதிடர் எலியை நீருக்கும் குதிரையைத் தீக்கும் உரியனவாக வகுத்திருந்தனர். நீர் தீயை வெல்லுமாயின் எலி ஏன் குதிரையைத் துரத்தவில்லை என்று அவர் கேட்டார். சேவல் உலோகம், முயல் மரம். உலோகம் மரத்தை வெட்டுமாயின் சேவல் ஏன் முயலைத் தின்னவில்லை என்றும் கேட்டார். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் எழுந்த கேள்வி இது.

இனிக் குத்துக்கு வருவோம். ஐந்து மூலக் கோட்பாடு இவ்வளவு பழமையானதாயினும் அது கைப்போரில் புகுந்தது மிகப் பிற்காலத்திலேயாம். மிங் மரபின் படைத்தலைவர் ச்சி ஜிகுவாங், 1560ஆம் ஆண்டையொட்டித் தாம் இயற்றிய படைப்பயிற்சி நூலில் கைக்குத்துக்கு ஒரு பகுதி ஒதுக்கினார். முப்பத்திரண்டு நிலைகள் படத்துடன் அதிலே காட்டப்பட்டுள. கைக்குத்து பெரும்போருக்கு உதவாது, ஆயினும் கைகால்களைப் பழக்குவதற்கு உதவும் என்பது அவர் கருத்து. களத்திலே கடற்கொள்ளையரை எதிர்த்து நின்ற அத்தலைவர் ஐந்து மூலத்தின் துணையின்றியே படைவீரரைப் பயிற்றினார் என்பது கருதத்தக்கது.

ஐந்து மூலத்தையே அடிப்படையாகக் கொண்ட குத்துமுறை “சிங்-யீ” எனப்படும். “சிங்” என்பது ஈண்டு வடிவம். “யீ” என்பது கருத்து. மனத்திலே கருதியது உடலிலே வடிவாகத் தோன்ற வேண்டும் என்பது பொருள். இதனை ஆக்கியவர் பன்னிரண்டாம் நூற்றாண்டு வீரராகிய யூவே ஃபெய் என்று பரம்பரைக் கதை கூறும். ஆயின் யூவே ஃபெய் காலத்துச் சான்று ஒன்றும் இதற்கில்லை. மிங் மரபு வீழ்ந்து சிங் மரபு எழுந்த காலத்தில், ஷான்ஸி மாநிலத்தில் வாழ்ந்த ஜீ ஜிகே என்பவரிடமிருந்தே வரலாறு தொடங்குகின்றது. அவர் ஈட்டிப்போரில் வல்லவர்; ஈட்டியின் நேர்மையைக் கைக்கு மாற்றினார் என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹெபெய் மாநிலத்து லீ லோநெங் ஷான்ஸிக்குச் சென்று தாய் குடும்பத்தாரிடம் இவ்வித்தையைக் கற்றுப் பலர்க்குப் பயிற்றினார். இன்று உலகெங்கும் பயிலப்படும் சிங்-யீ பெரும்பாலும் அவர் வழியினதே.

ஈண்டு ஓர் உண்மை நோக்கத்தக்கது. இதே வேரிலிருந்து கிளைத்து ஹெனான் மாநிலத்து முஸ்லிம்களிடையே வளர்ந்த கிளையில் பத்து விலங்குகளின் அசைவுகளே அடிப்படை. ஐந்து மூலக் குத்துகள் அங்கே அடிப்படையல்ல. வேர் ஒன்று, கிளை இரண்டு. ஒரு கிளை ஐந்து மூலத்தால் நின்றது, மற்றொன்று அஃதின்றியே நின்றது. எனவே வித்தையின் உயிர் ஐந்து மூலத்தில் இல்லை என்பது தெளிவு.

அவ்வைந்து குத்துகள் யாவை? முதலாவது “பீ”: கோடரியால் விறகைப் பிளப்பது போல மேலிருந்து கீழ்நோக்கி விழும் கை, இது உலோகம். இரண்டாவது “ட்சுவான்”: ஊற்று நீர் பீறிட்டு எழுவது போலத் துளைத்துக்கொண்டு மேலேறும் குத்து, இது நீர். மூன்றாவது “பெங்”: அம்பு போல நேரே பாய்வது, இது மரம். நான்காவது “பாவ்”: ஒரு கை மேலே எழுந்து தடுக்க மறுகை பீரங்கி வெடிப்பது போலச் செல்வது, இது தீ. ஐந்தாவது “ஹெங்”: குறுக்கே சுழன்று செல்வது, இது மண். மாணாக்கன் முதலிலே ஒரே நிலையில் நெடுநேரம் நின்று பழகவேண்டும். பின்னர் ஒவ்வொரு குத்தையும் நேர்கோட்டில் முன்னும் பின்னும் நடந்து, நூற்றுக்கணக்கான முறை போடவேண்டும். காலும் கையும் ஒருங்கே சேரவேண்டும். இடுப்பின் வலி கைக்கு வரவேண்டும். அதன் பின்னரே ஐந்தையும் தொடுத்துச் செய்யும் தொடர்வரிசையும், இருவர் எதிர்நின்று செய்யும் வரிசையும் கற்பிக்கப்படும்.

இருவர் வரிசையிலேதான் வெல்லும் சுழற்சி தலைகாட்டுகின்றது. உலோகம் மரத்தை வெட்டும். ஆகவே பெங் வந்தால் பீயால் வெல்க. தீ உலோகத்தை உருக்கும். ஆகவே பீ வந்தால் பாவினால் வெல்க. மண் நீரைத் தடுக்கும். ஆகவே ட்சுவான் வந்தால் ஹெங்கால் வெல்க. இவ்வாறு பாடம் செல்லும். செய்து பார்த்தால் பலவிடத்தும் பொருந்தவே காண்கின்றோம். ஆனால் பொருந்துவது எதனால்? நேரே வரும் கையை மேலிருந்து விழும் கை அமுக்குகின்றது. மேலிருந்து விழுவதை உயர்த்திய முன்கை தாங்க, மறுகை திறந்த மார்பைத் தாக்குகின்றது. மேலேறும் கையைக் குறுக்கே வரும் கை விலக்குகின்றது. இது கோணத்தின் வேலை, நெம்புகோலின் வேலை, நேரத்தின் வேலை. உலோகமும் மண்ணும் இதிலே செய்வது யாதொன்றுமில்லை. பெயரை மாற்றி ஆடு, மாடு, கோழி என்று வைப்பினும் தடுப்பு தடுப்பாகவே இருக்கும்.

அவர்கள் பரம்பரையிலேயே இதற்குச் சான்று உண்டு. லீ லோநெங்கின் மாணாக்கராகிய குவோ யுன்ஷென், அரையடி எடுத்துவைத்துப் பெங் என்னும் ஒரே குத்தினால் எதிர்த்தோரையெல்லாம் வென்றார் என்று புகழ்பெற்றவர். பெங் மரமாயிற்றே! உலோகம் மரத்தை வெல்வது விதியானால், பீ அறிந்த ஒவ்வொருவரிடமும் குவோ தோற்றிருக்க வேண்டுமே! தம் பெருவீரரின் புகழை நம்புவோர் வெல்லும் சுழற்சியை நம்ப முடியாது. சுழற்சியை நம்புவோர் புகழை நம்ப முடியாது.

இம்முரணை வெளிப்படையாக எடுத்துரைத்தவர் வாங் சியாங்ஜாய் என்பவர். 1885இல் பிறந்து 1963இல் மறைந்த அவர் சிங்-யீயிலேயே வளர்ந்தவர். குவோவின் மாணாக்கர் எனப்பட்டவர். 1940ஆம் ஆண்டில் பெய்ஜிங் நாளிதழ் ஒன்றில் வெளியான உரையாடலில், மூலங்கள் ஒன்றையொன்று வெல்லும் என்னும் பேச்சுச் சண்டைக்கு ஒவ்வாது என்று அவர் மறுத்தார். எதிரியின் குத்து எந்த மூலம் என்று கண்ணாற் கண்டு, மனத்தால் எண்ணி, அதற்கு மாற்று மூலத்தைத் தேர்ந்தெடுப்பதற்குள் அடி விழுந்துவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். ஆயினும் அவர் ஐந்து பெயரையும் குப்பையில் எறிந்துவிடவில்லை. உலோகம் என்பது எலும்பிலும் நரம்பிலும் பொதிந்த உறுதி. மரம் என்பது வளைந்தும் வேரூன்றி நிற்றல். நீர் என்பது அலைபோல் எங்கும் பாய்ந்து செல்லுதல். தீ என்பது வெடிமருந்து போன்ற வேகம். மண் என்பது கனமும் திண்மையும். இவை ஐவகை வலிக்கு இட்ட பெயர்களே என்று விளக்கினார். வாங் கூறிய பொருளே ஷூ ஜிங் கூறிய பொருளுக்கு அணித்தாயிருத்தல் காண்க. நடுவில் வந்த அரண்மனைச் சோதிடம் கழிந்தது; உழவனும் கொல்லனும் கண்டது நின்றது.

ஆகவே நாம் காணும் முடிபு இது: ஐந்து மூலம் பயிற்சிக்கு மொழியாக நிற்கும்போது பயன்படுகின்றது, வெற்றிக்கு விதியாக நிற்கும்போது ஏமாற்றுகின்றது. எழுத்தறியாத ஒருவனுக்கு, “தோளைத் தளர்த்தி, முழங்கையைத் தாழ்த்தி, எடையை முன்காலுக்கு மாற்று” என்று பத்துக் கட்டளை இடுவதினும், “கோடரி போல விழு” என்று கூறும் ஒரு சொல் விரைவில் உடலுக்குப் புரியும். அது நல்லாசிரியரின் உத்தி. ஆனால் “நீ தீ, அவன் உலோகம், ஆகவே அவன் உன்னிடம் தோற்பான்” என்று கூறுவது உத்தியன்று, குறி சொல்லுதல். அவ்வாறே, பீ நுரையீரலை வளர்க்கும், பெங் கல்லீரலை வளர்க்கும், பாவ் இருதயத்தை வளர்க்கும் என்று உறுப்புக்கு ஒரு குத்து வகுப்பதற்கும் உடற்கூற்று நூலில் ஆதாரமில்லை. முறையான பயிற்சி உடல் முழுமைக்கும் நலம் தரும். நோய் வந்தால் மருத்துவமனைக்குச் செல்வதே அறிவுடைமை.

இருபதாம் நூற்றாண்டுச் சீனர் இவ்வகையில் தம்மைத் தாமே திருத்திக்கொண்ட வரலாறு நமக்குப் பாடமாகும். லியாங் ச்சிசாவ் என்னும் பேரறிஞர் 1923இல் ஒரு கட்டுரை எழுதி, இரண்டாயிரம் ஆண்டு மூடநம்பிக்கைக்குப் பாசறையாக இருந்தது இக்கோட்பாடே என்று கண்டித்தார். குத்து வித்தையின் பெயரால் வழங்கிய கதைகளைச் சட்டம் பயின்றவராகிய தாங் ஹாவ் சோதனைக்கு உட்படுத்தினார். 1930இல் வெளிவந்த அவர் நூல், ஷாவ்லின் மடத்துக் குத்தைப் போதிதருமர் ஆக்கினார் என்னும் கதைக்கு அடிப்படை இல்லை என்று காட்டிற்று.

இவ்விடத்தில் தமிழருக்கு மனம் சற்றுக் கசக்கும். போதிதருமர் காஞ்சி இளவரசர், சீனருக்குச் சண்டை கற்பித்தவர் நம்மவரே என்று மேடைதோறும் முழங்குகின்றோம். 2011இல் திரைப்படமும் கண்டு மகிழ்ந்தோம். ஏழாம் நூற்றாண்டில் தாவ்ஷுவான் எழுதிய துறவியர் வரலாறு அவரைத் தென்னிந்தியர் என்கின்றது. 547ஆம் ஆண்டையொட்டி எழுந்த லோயாங் மடங்களைப் பற்றிய நூலோ பாரசீகர் என்கின்றது. இரண்டிலும் அவர் சண்டை கற்பித்ததாக ஒரு சொல்லும் இல்லை. அவரைத் தசைநார்ப் பயிற்சியோடு இணைக்கும் நூல் பதினேழாம் நூற்றாண்டினது. சீனர் தம் பெருமைக் கதையைத் தாமே சோதித்துக் களைந்தனர். நாமோ அவர் களைந்ததைப் பொறுக்கியெடுத்து மாலையாக அணிகின்றோம். இது தகுமா?

கதையைக் களைந்ததோடு அவர்கள் நிற்கவில்லை, கதவையும் திறந்தார்கள். முன்னாளில் குத்து வித்தை குடும்பத்துக்குள் பூட்டிக் கிடந்தது. 1915இல் ஸுன் லூதாங் சிங்-யீ முறை முழுவதையும் படங்களுடன் அச்சிட்டு வெளியிட்டார். 1910இல் ஷாங்காயில் எழுந்த சின் ஊ சங்கம் எந்தக் குடும்பத்தாரும் எந்த முறையும் கற்கலாம் என்று பொதுப்பள்ளி அமைத்தது. பெண்களுக்கும் வகுப்பு நடத்திற்று. 1920இல் அச்சங்கம் இந்நாடுகளுக்கு அனுப்பிய ஐவர் குழுவில் சென் ஷிச்சாவ் என்னும் பெண்மணியும் ஒருவர். மறு ஆண்டில் கோலாலம்பூரில் சின் ஊ தோன்றிற்று. இன்றளவும் அது நிலைபெற்றுள்ளது. ஐந்து மூலத்தின் அருளால் அது நிலைக்கவில்லை. திறந்த கதவும், எழுதிய பாடமும், கணக்குக் காட்டும் நிர்வாகமுமே அதனை நிலைக்கச் செய்தன.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். நமக்குச் சிலம்பம் உண்டு; வர்மம் உண்டு. வர்மம் நூற்றெட்டு, அவற்றுள் படுவர்மம் பன்னிரண்டு, தொடுவர்மம் தொண்ணூற்றாறு என்பது மரபு. வாதம், பித்தம், கபம் என்றும், பஞ்சபூதம் என்றும் அவற்றுக்கு விளக்கம் கூறுவர். இவ்விளக்கங்களுள் எது உடலைக் கண்டு கூறியது, எது எண்ணை நிரப்பக் கூறியது என்று நாம் சோதித்ததுண்டா? ஓரிடத்தில் தட்டினால் கை மரத்துப்போகின்றது. அங்கே நரம்பு எலும்பின் மேல் ஓடுகின்றது. இது காணக்கூடிய உண்மை. இன்ன திதியில் தட்டினால் இன்ன நாளில் சாவான் என்பது சோதிடம். இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதி, ஒரே துணியில் சுற்றி, பெட்டியில் வைத்துப் பூசனை செய்தால், பொய்யால் மெய்யும் கெடும்.

தோட்டத்திலே பால் எடை பார்ப்போர் அறிவர்: வாளி நிறைந்திருப்பதனாலேயே ரப்பர் நிறைந்திருப்பதாகாது. பாலில் நீர் எவ்வளவு கலந்துள்ளது என்று மிதவைக் கருவியை இட்டுப் பார்த்தே கணக்கு எழுதப்படும். வித்தைக்கும் அத்தகைய கருவி வேண்டும். “இது வேலை செய்கின்றதா? எதனால் செய்கின்றது? மற்றவர் செய்தாலும் செய்யுமா?” என்னும் மூன்று கேள்விகளே அக்கருவி.

கம்பைப் பிடிப்பதும் சுழற்றுவதும் சுவடு வைப்பதும் பொய்யல்ல. அவை மெய்யான அறிவு. ஆனால் “கடைசி வரிசையை யாருக்கும் சொல்லமாட்டேன்” என்று ஆசான் ஒருவர் மறைத்து, அதனோடே சுடுகாடு சென்றால், மறைந்தது அவர் மட்டுமன்று. முந்நூறு ஆண்டு உழைப்பும் மறைந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன; பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை வந்தது; லயங்கள் கலைந்து நம் மக்கள் நகர்ப்புற அடுக்கு வீடுகளுக்குச் சென்றனர். வாத்தியாரும் மாணாக்கரும் ஒரே லயத்தில் வாழ்ந்த காலம் போயிற்று. இனி வாய்மொழி மட்டும் வித்தையைக் காக்காது. ஒவ்வொரு சுவடும் ஒவ்வொரு வீச்சும் எழுதப்பட வேண்டும். படம் பிடிக்கப்பட வேண்டும். சாதியும் குலமும் கேளாமல், ஆண் பெண் என்று பாராமல், கற்க வருவோர்க்கெல்லாம் கற்பிக்கப்பட வேண்டும். பக்கத்துச் சீனச் சங்கத்தின் முற்றத்துக்கு நம் பிள்ளைகள் செல்லட்டும். நம் கோயில் திடலுக்கு அவர் பிள்ளைகள் வரட்டும். ஈட்டியிலிருந்து பிறந்த குத்தும், கம்பிலிருந்து வளர்ந்த அடிமுறையும் ஒன்றையொன்று சோதித்துப் பார்க்கட்டும்.

அந்நாளில் நம் பிள்ளைகள் பூதங்களுக்கு அஞ்சமாட்டார்கள். கோடரி போல விழுவதும், ஊற்றுப் போல எழுவதும், அம்பு போலப் பாய்வதும், வெடி போலச் செல்வதும், நிலம் போல நிற்பதும் தம் கையும் காலும் இடுப்புமே என்று அறிவார்கள். மூலம் ஐந்தாயினும் ஆகுக, ஐம்பதாயினும் ஆகுக, பயில்வோன் ஒருவனே. அவன் உழைப்புக்கு மாற்றாக நிற்கும் மூலம் சீனத்திலும் இல்லை, தமிழகத்திலும் இல்லை, செலண்டாரிலும் இல்லை.